அணி இல்லாத பயிற்றுநர்

ஒரு பயிற்றுநர் புதிய இடத்தில் பணியில் சேரும்போது, நல்லதோ கெட்டதோ, அங்கே ஓர் அணி அவருக்காகக் காத்திருக்கும். பழைய விளையாட்டாளர்கள் இருப்பார்கள். சென்ற ஆண்டின் வெற்றி தோல்விக் கணக்கு இருக்கும். அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் மகளிர் லக்ரோஸ் அணிக்குத் தலைமைப் பயிற்றுநராகக் கெல்லி அமோன்டே ஹில்லர் பொறுப்பேற்றபோது, பதவி இருந்தது, அணிதான் இல்லை.

சிக்காகோ நகருக்கு வடக்கே, மிச்சிகன் ஏரிக்கரையில் உள்ள இவான்ஸ்டன் நகரில் அமைந்திருக்கிறது அந்தப் பல்கலைக்கழகம். அங்கே முன்பு மகளிர் லக்ரோஸ் அணி ஒன்று இருந்தது. 1992ஆம் ஆண்டுக்குப் பிறகு பல்கலைக்கழகம் அதைக் கைவிட்டுவிட்டது. ஆர்வமுள்ள மாணவிகள் சிலர் மட்டும் ஒரு கழகமாகச் சேர்ந்து, போட்டித் தகுதி எதுவுமின்றி ஆடிவந்தார்கள். 2002ஆம் ஆண்டில் மீண்டும் ஓர் அதிகாரபூர்வ அணியைக் களமிறக்கப் பல்கலைக்கழகம் முடிவு செய்தது. அந்த அணியைக் கட்டும் பொறுப்பு, முப்பது வயதைக்கூட எட்டாத கெல்லியிடம் வந்தது.

கெல்லி ஆள் தேடிய கதை லக்ரோஸ் உலகில் இன்றும் சொல்லப்படுகிறது. ஒரு நாள் பல்கலைக்கழக வளாகத்தில் இரட்டைச் சகோதரிகள் இருவர் ஓடிக்கொண்டிருந்ததை அவர் பார்த்தார். கோர்ட்னி கோஸ்டர், ஆஷ்லி கோஸ்டர் என்பவை அவர்களின் பெயர்கள். இண்டியானாபொலிஸ் நகரிலிருந்து படிக்க வந்தவர்கள். லக்ரோஸ் மட்டையை அதுவரை அவர்கள் கையில் எடுத்ததே இல்லை. ஆயினும் அவர்கள் ஓடிய விதம் கெல்லியின் கண்ணில் பட்டது. அணியில் சேர முடியுமா என்று கேட்டார், அவர்களும் இணங்கினார்கள். ஆடத் தெரியாத இருவரை ஒரு பயிற்றுநர் தேடிப்பிடிக்கிறார் என்றால் அது துணிச்சலா, வேறு வழியின்மையா? உண்மையில் இரண்டும்தான். ஓட்டத்தையும் உடல்வலிமையையும் ஓராண்டில் வளர்ப்பது கடினம். மட்டை பிடிக்கக் கற்றுக்கொடுத்துவிடலாம் என்பது அவருடைய கணக்கு.

அந்தக் கணக்கு எவ்வளவு ஆபத்தானது என்பதைப் புரிந்துகொள்ள, லக்ரோஸ் எத்தகைய ஆட்டம் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

லக்ரோஸ், வட அமெரிக்கப் பழங்குடி மக்களின் ஆட்டம். ஹோடனஷோனி மக்கள் அதைப் படைத்தவரின் ஆட்டம் என்று போற்றுகிறார்கள். நோய் தீர வேண்டியும் நன்றி செலுத்தவும் அதை ஆடும் வழக்கம் அவர்களிடையே இன்றும் உண்டு. அங்குச் சென்ற பிரெஞ்சுக்காரர்கள் இட்ட பெயரே லக்ரோஸ் என்பதாகும். பெண்களுக்கான இன்றைய ஆட்டமுறை 1890இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் லெனர்ட்ஸ் பள்ளியில் தொடங்கியது. அங்கிருந்து அமெரிக்காவின் கிழக்குக் கரைக்குச் சென்றது. பால்டிமோர் நகரப் பெண்கள் பள்ளி ஒன்றில் 1926இல் வேரூன்றி, அக்கம்பக்கத்து மாநிலங்களில் பரவியது. அங்கேயே நெடுங்காலம் தங்கியும்விட்டது.

மகளிர் ஆட்டத்தில் ஒவ்வோர் அணியிலும் பன்னிருவர் களத்தில் இருப்பர். ஒவ்வொருவர் கையிலும் ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுள்ள ஒரு மட்டை. அதன் நுனியில் சிறிய வலைப்பை. ரப்பர் பந்தை அந்த வலைப்பையில் ஏந்திக்கொண்டு ஓட வேண்டும். அதைக்கொண்டே பந்தை வீச வேண்டும், பிடிக்க வேண்டும், எதிரணியின் கோலுக்குள் அடிக்க வேண்டும். கோல் கம்பத்தின் உயரமும் அகலமும் சம அளவுதான். ஏறக்குறைய 183 செண்டிமீட்டர். மகளிர் மட்டையின் வலைப்பை ஆழம் குறைந்தது. பந்து அதில் சும்மா கிடக்காது. ஓடும்போது மணிக்கட்டைத் திருப்பித் திருப்பி, தொட்டிலை ஆட்டுவதுபோல மட்டையை ஆட்டிக்கொண்டே இருந்தால்தான் பந்து உள்ளே நிற்கும். புதிதாகக் கற்பவர் பத்தடி ஓடுவதற்குள் பந்து புல்லில் கிடக்கும். சிறுவயதிலேயே மட்டையைத் தொட்டவர்களுக்கு இந்த ஆட்டுதல் மூச்சு விடுவதுபோல இயல்பாக வரும். பதினெட்டு வயதில் தொடங்குபவர்களோ கையையும் காலையும் கண்ணையும் ஒன்றாக வேலை வாங்கப் பழக வேண்டும்; அதுவும் எதிரணி வீராங்கனை தங்கள் மட்டையைத் தட்டிவிட முயலும்போது.

கெல்லிக்கு இந்தச் சிக்கல் நன்றாகவே தெரியும். அவரே இந்த ஆட்டத்தின் தலைசிறந்த வீராங்கனைகளில் ஒருவர். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஹிங்கம் என்னும் ஊரில் 1974இல் பிறந்தவர், விளையாட்டுக் குடும்பம். அண்ணன் டோனி அமோன்டே தேசியப் பனி ஹாக்கி லீக்கில் சிக்காகோ அணிக்காக ஆடியவர். கெல்லி மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் காற்பந்து, லக்ரோஸ் இரண்டையும் ஆடினார். லக்ரோஸ் அணி 1995, 1996 ஆகிய ஆண்டுகளில் தேசிய வாகை சூடியபோது அவர் அதில் இருந்தார். பின்னர் அமெரிக்கத் தேசிய அணியில் இடம்பெற்று 1997, 2001 உலகக் கிண்ணங்களையும் வென்றார்.

மேரிலாந்தில் அவருக்குப் பயிற்சியளித்தவர் சிண்டி டிம்சல். அந்த டிம்சல், அதற்கு முன் நார்த்வெஸ்டர்னின் பழைய அணிக்குப் பயிற்றுநராக இருந்தவர். அவர் மேரிலாந்துக்குப் போன சிறிது காலத்தில் நார்த்வெஸ்டர்ன் அணி கலைக்கப்பட்டது. குரு விட்டுச்சென்ற இடத்தில், மூடிக்கிடந்த கதவைத் திறக்க மாணவி வந்தார் என்று சொல்லலாம்.

முதல் ஆண்டு எதிர்பார்த்தபடிதான் நடந்தது. 2002இல் அணி ஆடிய 15 ஆட்டங்களில் வென்றவை 5, தோற்றவை 10. கழக அணியில் ஆடிய சிலர், வேறு விளையாட்டுகளிலிருந்து வந்த சிலர், கெல்லியை நம்பி வந்த முதலாண்டு மாணவிகள் சிலர் என்று கலந்திருந்த அணி அது. கிழக்குக் கரையின் பெரிய பள்ளிகளில் பயின்ற திறமைசாலிகள், தங்கள் பக்கத்திலேயே உள்ள பேர்பெற்ற பல்கலைக்கழகங்களை விட்டுவிட்டு, பெயரில்லாத ஓர் அணிக்காக ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து வருவார்களா? போதாக்குறைக்கு இவான்ஸ்டனின் குளிர். லக்ரோஸ் பருவம் பிப்ரவரியில் தொடங்கும். அப்போது ஏரிக்காற்று எலும்பைத் துளைக்கும். திடலில் பனி கிடக்கும். வலுவான எதிரணிகள் பெரும்பாலும் கிழக்கில் இருந்ததால், அடிக்கடி விமானமேறிப் போய் ஆட வேண்டியும் இருந்தது.

இந்த இடத்தில், அமெரிக்கக் கல்லூரிப் பயிற்றுநரின் வேலை என்ன என்பதைச் சற்று விளக்க வேண்டும். அதைத் திடலோரம் நின்று குரல் கொடுக்கும் வேலை என்று பலர் எண்ணுகிறார்கள். அது அந்த வேலையின் சிறு பகுதிதான். அமெரிக்காவில் பல்கலைக்கழக விளையாட்டு ஒரு பெரும் ஏற்பாடு. தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் விதிகளை வகுக்கிறது. பருவ காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் கட்டாயப் பயிற்சி அளிக்கக் கூடாது. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு தர வேண்டும். ஏனெனில் விளையாட்டாளர்கள் முதலில் மாணவர்கள். வகுப்பு உண்டு, தேர்வு உண்டு. மகளிர் லக்ரோஸ் அணி ஒன்று 12 முழு உபகாரச் சம்பளங்களுக்கு ஈடான தொகையைத்தான் வழங்கலாம் என்னும் வரம்பும் நெடுங்காலம் இருந்தது. அணியிலோ முப்பது பேர் வரை இருப்பார்கள். யாருக்கு எவ்வளவு என்று பிரித்துக் கொடுப்பது பயிற்றுநரின் தலைவலிகளில் ஒன்று.

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் காலம். ஒரு தொழில்முறை அணியில் சிறந்த விளையாட்டாளரைப் பத்தாண்டுகள்கூட வைத்துக்கொள்ளலாம். கல்லூரியில் ஒருவர் ஆடக்கூடியது நான்கு பருவங்கள் மட்டுமே. முதலாண்டில் தடுமாறுவார், இரண்டாம் ஆண்டில் தேறுவார், மூன்றாம் ஆண்டில் மிளிர்வார், நான்காம் ஆண்டில் அணியைத் தாங்குவார், பிறகு பட்டம் பெற்றுப் போய்விடுவார். ஆகவே ஒவ்வொரு மே மாதமும் பயிற்றுநர் தம் அணியில் நான்கில் ஒரு பங்கை இழக்கிறார்; அதுவும் பெரும்பாலும் சிறந்த பங்கை. அந்த இடத்தை நிரப்பப் போகிறவர்களை அவர் முன்கூட்டியே தேடியாக வேண்டும். உயர்நிலைப்பள்ளி ஆட்டங்களையும் கோடைக்கால முகாம்களையும் நேரில் பார்க்க வேண்டும். பெற்றோரிடம் பேச வேண்டும். நல்ல மதிப்பெண் இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். நார்த்வெஸ்டர்னில் இடம் கிடைப்பது படிப்பிலும் எளிதன்று. ஒரு காலத்தில் இந்தத் தேடல் எல்லை மீறிப்போய், பதின்மூன்று பதினான்கு வயதுச் சிறுமியர்கூட இந்தப் பல்கலைக்கழகத்தில்தான் ஆடுவேன் என்று வாக்குக் கொடுக்கும் நிலை வந்தது. நாளை என்னவாகப் போகிறோம் என்று தெரியாத வயதில் அப்படியொரு முடிவா என்று பலரும் கவலைப்பட்டார்கள். அந்தக் கவலை நியாயமானதே. உயர்நிலைப்பள்ளியின் மூன்றாம் ஆண்டு தொடங்கும் செப்டம்பர் முதல் நாள் வரை பயிற்றுநர்கள் மாணவர்களோடு சேர்க்கை பற்றிப் பேசக்கூடாது என்று 2017இல் லக்ரோஸுக்கு விதி வந்தது.

கெல்லி தொடங்கிய காலத்தில் இந்தத் தேடலில் அவருக்குச் சாதகமானது ஒன்றே ஒன்றுதான். வெற்றி பெற்ற அணியில் சேருவோர் வரலாற்றைத் தொடர்கிறார்கள். புதிய அணியில் சேருவோர் அதைத் தொடங்கிவைக்கிறார்கள். அந்த ஆசை சிலரை இழுத்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்திலிருந்து கிறிஸ்டன் கெல்மன் வந்தார். நியூ ஜெர்சியிலிருந்து லிண்ட்சி மண்டே வந்தார். வந்தவர்களுக்குக் கெல்லி பழைய மகளிர் ஆட்டமுறையை மட்டும் கற்றுக்கொடுக்கவில்லை. அவருடைய கணவர் ஸ்காட் ஹில்லரும் லக்ரோஸ் பயிற்றுநர். ஆடவர் ஆட்டத்தில் அனுபவமுள்ளவர். கெல்லிக்கு உதவியாக இருந்தார். ஆடவர் ஆட்டத்தின் சில உத்திகளை மகளிர் விதிகளுக்கு ஏற்ப மாற்றிப் பயன்படுத்தினார்கள். எதிரணி பந்தைத் தன் பகுதியிலிருந்து கொண்டுவரும்போதே துரத்தித் துரத்தி நெருக்குவது அவற்றுள் ஒன்று. இதற்கு அழகான மட்டை வித்தையைவிட ஓயாத கால்கள் தேவை. வளாகத்தில் ஓடிக்கொண்டிருந்த இரட்டையர் இங்கேதான் கணக்கில் வருகிறார்கள்.

2004இல் அணி தேசியப் போட்டிக்குத் தகுதி பெற்றது. 2005இல் ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை. அந்த ஆண்டின் இறுதியாட்டம் மேரிலாந்து மாநிலத்தின் அனாபொலிஸ் நகரில் நடந்தது. லக்ரோஸின் தாய்வீடு என்று சொல்லத்தக்க வட்டாரம் அது. எதிரே நின்றது முந்தைய ஆண்டின் வெற்றியாளரான வெர்ஜீனியா பல்கலைக்கழகம். நார்த்வெஸ்டர்ன் 13-10 என்ற கணக்கில் வென்று, 21 ஆட்டங்களில் 21 வெற்றியுடன் பருவத்தை முடித்தது. 1982இல் இச்சங்கத்தின் மகளிர் லக்ரோஸ் போட்டி தொடங்கியதிலிருந்து கிழக்கு மாநிலங்களைத் தவிர வேறெங்கும் கிண்ணம் போனதில்லை. முதன்முறையாக அது மேற்கு நோக்கிப் பயணப்பட்டது. கோஸ்டர் சகோதரிகள் அந்த அணியில் இருந்தார்கள். மட்டையைத் தொட்ட நான்காம் ஆண்டில் தேசிய வெற்றியாளர்கள் ஆனார்கள்.

வழக்கப்படி வெற்றி பெற்ற கல்லூரி அணிகளை அமெரிக்க அதிபர் வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பாராட்டினார். அதிபருடன் எடுத்த படத்தில் சில வீராங்கனைகள் சிலிப்பர் அணிந்திருப்பது தெரிந்தது. அவ்வளவுதான், நாடெங்கும் அதே பேச்சு. வெள்ளை மாளிகைக்குச் சிலிப்பரா என்று செய்தித்தாள்கள் எழுதின. ஒரு தோல்வியும் இல்லாத பருவத்துக்குக் கிடைக்காத கவனம் செருப்புக்குக் கிடைத்தது! அந்த மாணவிகள் கோபப்படவில்லை. பேசப்பட்ட சிலிப்பர்களை இணையத்தில் ஏலம்விட்டார்கள். வந்த பணத்தை, மூளைக் கட்டியால் பாதிக்கப்பட்ட ஒரு சிறுமிக்காகக் கொடுத்தார்கள். அந்தச் சிறுமி அவர்களின் தோழியாகவே ஆகிப்போனார்.

அதன்பின் வெற்றி வெள்ளமாக வந்தது. 2006, 2007, 2008, 2009 என்று தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் கிண்ணம் இவான்ஸ்டனிலேயே இருந்தது. கிறிஸ்டன் கெல்மன் நாட்டின் தலைசிறந்த கல்லூரி வீராங்கனைக்கான தெவாரத்தோன் விருதை இருமுறை பெற்றார். லக்ரோஸைக் குறிக்கும் மோஹாக் மொழிச் சொல்லே அந்த விருதின் பெயர். அடுத்து ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரிலிருந்து வந்த ஹன்னா நீல்சன் அவ்விருதை இருமுறை பெற்றார். 2008இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் பருவ நடுவில் நார்த்வெஸ்டர்னை வீழ்த்தியது. இறுதியாட்டத்தில் அதே அணி மீண்டும் எதிரே வந்தபோது, நார்த்வெஸ்டர்ன் 10-6 என வென்று பழைய கணக்கைத் தீர்த்தது. 2010 இறுதியாட்டத்தில் மேரிலாந்திடம் தோற்றது. மறு ஆண்டே அதே மேரிலாந்தை 8-7 என்று ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் வென்றது. 2012இல் மீண்டும் ஒரு கிண்ணம். எட்டு ஆண்டுகளில் எட்டு இறுதியாட்டங்கள், ஏழு கிண்ணங்கள்.

பல கட்டுரைகள் கெல்லியின் கதையை இத்தோடு முடித்துவிடுகின்றன. அவருடைய பணியின் கடினமான பகுதியோ இதற்குப் பிறகுதான் வருகிறது.

2013 முதல் 2022 வரை நார்த்வெஸ்டர்ன் ஒரு கிண்ணத்தையும் வெல்லவில்லை. அணி மோசமாகிவிடவில்லை, மற்றவர்கள் முன்னேறிவிட்டார்கள். நார்த்வெஸ்டர்ன் வென்றதைப் பார்த்து, நாமும் ஏன் முயலக்கூடாது என்று பல பல்கலைக்கழகங்கள் நினைத்தன. கெல்லியின் நெருக்கும் ஆட்டத்தை மற்றப் பயிற்றுநர்கள் படித்தார்கள், பின்பற்றினார்கள், அதை முறியடிக்கும் வழியையும் கண்டார்கள். ஆட்டமும் மாறியது. 2017இல், பந்தைப் பெற்ற அணி 90 வினாடிகளுக்குள் கோலை நோக்கி அடிக்க வேண்டும் என்னும் விதி வந்தது. அதற்கு முன் முன்னிலையில் இருக்கும் அணி பந்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு நேரத்தை ஓட்டலாம். மறு ஆண்டு இன்னொரு மாற்றம். நடுவர் விசில் ஊதியதும் எல்லாரும் நின்ற இடத்திலேயே சிலையாக நிற்க வேண்டும் என்ற பழைய வழக்கம் நீங்கியது. ஆட்டம் வேகமெடுத்தது. பத்தாண்டுக்கு முன் வெற்றி தந்த பாடக்குறிப்பை வைத்துக்கொண்டு புதிய தேர்வை எழுத முடியாது.

தோல்விகள் சாதாரணமானவையும் அல்ல. 2019 அரையிறுதியில் மேரிலாந்திடம் 25-13 என்று தோல்வி. 2020இல் கொரோனா தொற்றால் பருவமே பாதியில் நின்றுபோனது. 2021இல் ஒரு தோல்வியும் இல்லாமல் அரையிறுதிக்கு வந்து, சிராக்கியூஸ் பல்கலைக்கழகத்திடம் வீழ்ந்தது. 2022 அரையிறுதிதான் எல்லாவற்றையும்விட வலித்திருக்கும். வட கரோலினா பல்கலைக்கழகத்துக்கு எதிரான அந்த ஆட்டத்தில் கடைசிக் கால்பகுதி தொடங்கும்போது நார்த்வெஸ்டர்ன் பெரும் முன்னிலையில் இருந்தது. எஞ்சிய சில நிமிடங்களில் எதிரணி கோல் மேல் கோல் அடித்து 15-14 என்று வென்றுவிட்டது. இருபது ஆண்டு அனுபவமுள்ள பயிற்றுநர் ஒருவர், கையில் இருந்த ஆட்டம் நழுவுவதைத் திடலோரம் நின்று பார்க்க நேர்ந்தது.

அந்த ஆட்டத்தில் ஒரு முக்கியமான வீராங்கனை களத்தில் இல்லை. இஸி ஸ்கேன் என்பது அவர் பெயர். 2021இல் கோல்களைக் குவித்தவர். அந்த ஆண்டின் இறுதியில் முழங்கால் தசைநார் கிழிந்து, 2022 பருவம் முழுவதும் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். இத்தகைய காயம் பட்டவரை அவசரப்பட்டுக் களமிறக்கினால் ஆயுள் முழுதும் முழங்கால் தொல்லை தரும். காத்திருக்க வைப்பதும் பயிற்றுநரின் வேலைதான். ஸ்கேன் எங்கிருந்து வந்தவர் என்பதும் கவனிக்கத்தக்கது. அவருடைய ஊர் மிச்சிகன் மாநிலத்தில் இருக்கிறது. கெல்லி பணியில் சேர்ந்தபோது, தேசிய அளவில் முன்னணி வீராங்கனை ஒருவரை அந்த மாநிலத்தில் தேடிப் பிடிக்கலாம் என்று யாரும் நினைத்திருக்கமாட்டார்கள். இருபது ஆண்டில் ஆட்டம் அவ்வளவு தூரம் மேற்கே நகர்ந்திருந்தது. அதில் கெல்லியின் அணிக்குப் பெரும்பங்கு உண்டு.

2023 பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே நார்த்வெஸ்டர்ன் சிராக்கியூஸிடம் ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்றது. அதற்குப் பிறகு அந்த ஆண்டில் அது தோற்கவே இல்லை. ஸ்கேன் திரும்பி வந்து மீண்டும் கோல்களைக் குவித்தார். மே மாத இறுதியில், வட கரோலினாவின் கேரி நகரில் நடந்த இறுதியாட்டத்தில் பாஸ்டன் கல்லூரியை 18-6 என்று வென்று, பதினொரு ஆண்டுக்குப் பிறகு கிண்ணத்தைக் கைப்பற்றியது. 2005இல் வென்றவர்கள் அப்போது நாற்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தார்கள். 2023இல் வென்றவர்களில் பலர் 2005இல் மழலையர் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்திருப்பார்கள். இரண்டு அணிகளுக்கும் தலைமைப் பயிற்றுநராக இருந்தவர் ஒருவரே.

மறு ஆண்டு இறுதியாட்டத்தில் அதே பாஸ்டன் கல்லூரி 14-13 என்று நார்த்வெஸ்டர்னை வென்றது. 2025 இறுதியாட்டத்தில் வட கரோலினா வென்றது. இஸி ஸ்கேன் இரண்டு தெவாரத்தோன் விருதுகளுடன், அதுவரை எவரும் அடித்திராத அளவு கோல்களை அடித்துவிட்டு, 2024இல் பட்டம் பெற்று வெளியேறினார். அவருடைய இடத்துக்கு ஆள் தேடும் வேலை வழக்கம்போலத் தொடங்கியது. இப்போது அந்தத் தேடலுக்கு முன்பு இல்லாத வசதிகள் உண்டு. 2018இல் ஏரிக்கரையில் ரையன் உள்ளரங்கத் திடல் திறக்கப்பட்டது. கண்ணாடிச் சுவருக்கு அப்பால் ஏரி உறைந்து கிடக்க, உள்ளே கதகதப்பில் மாணவிகள் பயிற்சி செய்யலாம். முதல் அணியில் ஆடியவர்கள் அதைப் பார்த்தால் கொஞ்சம் பொறாமைப்படக்கூடும்.

அந்தப் பழைய மாணவிகளில் பலர் இன்று தாங்களே பயிற்றுநர்கள். தொடக்க கால வெற்றிகளில் பங்குபெற்ற லிண்ட்சி மண்டே, தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் புதிதாகத் தொடங்கிய அணியை 2013இல் களமிறக்கினார். ஆன் எலியட் மறு ஆண்டு கொலராடோ பல்கலைக்கழகத்தில் அதையே செய்தார். இருவருக்கும் பதவி இருந்தது, அணி இல்லை. தங்கள் பயிற்றுநர் அந்த நிலையிலிருந்து எப்படித் தொடங்கினார் என்பதை இருவரும் அருகிலிருந்து பார்த்திருந்தார்கள். அடிலெய்டிலிருந்து வந்த ஹன்னா நீல்சன், மிச்சிகன் பல்கலைக்கழக அணியின் தலைமைப் பயிற்றுநரானார். மிச்சிகனும் நார்த்வெஸ்டர்னும் ஒரே கூட்டமைப்பைச் சேர்ந்தவை. அவை மோதும்போது, திடலின் ஒரு பக்கம் கெல்லி நிற்பார். மறுபக்கம், அவரிடம் கற்றவற்றை வைத்துக்கொண்டே அவரை வெல்ல வழிதேடி நீல்சன் நிற்பார்.